புயற்கூண்டும் மழைமானியும்

ஐப்பசி பிறந்துவிட்டால் நம் உழவர்கரைப் பகுதி இல்லங்களில் வானத்தைப் பற்றிய பேச்சும் பிறந்துவிடும். கல்லறைத் திருநாளன்று மெழுகுதிரி அணையாமல் நிற்குமா என்று பாட்டிமார் கேட்பர். நாளை பள்ளி உண்டா இல்லையா என்று மாணவியர் கேட்பர். பின்னதைக் கேட்கும் ஆர்வத்தில் பாதியளவேனும் அந்த அறிவிப்பின் பொருளை அறிவதில் இருக்குமானால், புவியியல் ஆசிரியைகளின் வேலை எளிதாகிவிடும்!

மேலை நாடுகளில் குளிர்காலப் புயல் என்றால் பனிப்பொழிவு. நமக்கோ குளிர்காலப் புயல் என்பது வங்கக் கடலில் தோன்றிக் காற்றையும் நீரையும் கொண்டுவந்து கொட்டுவது. புதுவையின் ஆண்டு மழையில் பாதிக்கும் மேற்பட்டது அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்திலேயே கிடைக்கிறது. நம் ஏரிகளை நிரப்புவதும் இந்தப் பருவமே, வீதிகளை மூழ்கடிப்பதும் இதுவே. ஆகவே புயல் வேண்டாம் என்று முற்றிலும் சொல்லிவிடவும் நமக்கு வழியில்லை.

புயல் எவ்வாறு பிறக்கிறது என்பதைப் பாடநூலில் படித்திருப்பீர்கள், சுருங்கக் கூறுகிறேன். கடல்நீர் ஏறத்தாழ 27 டிகிரி செல்சியஸ் அளவுக்கு வெதுவெதுப்பாக இருக்கையில் மிகுந்த நீராவி மேலெழுகிறது. மேலே சென்று குளிர்ந்து மீண்டும் நீராகும்போது, தன்னுள் மறைத்து வைத்திருந்த வெப்பத்தை வெளியிடுகிறது. அவ்வெப்பத்தால் காற்று மேலும் எழ, கீழே அழுத்தம் குறைகிறது. குறைந்த இடத்தை நோக்கிச் சுற்றுப்புறக் காற்று விரைகிறது. பூமி சுழல்வதால் அது நேரே செல்லாமல் வளைந்து, நம் வட கோளத்தில் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழல்கிறது. காற்றின் வேகம் மணிக்கு 31 கிலோமீட்டரை எட்டினால் அது காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். 50 ஆனால் ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 62 ஆனால் புயல். அப்போதுதான் அதற்குப் பெயர் சூட்டுகிறார்கள். 89-இல் தீவிரப் புயல், 118-இல் மிகத் தீவிரப் புயல் என்று ஏணி மேலே செல்கிறது. இந்த ஏணியின் படிகள் அனைத்தும் காற்றின் வேகத்தை மட்டுமே கொண்டு அமைக்கப்பட்டவை என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மழைக்கு இந்த ஏணியில் இடமில்லை. இதனால் விளையும் தொல்லையைப் பின்னர் காண்போம்.

நம் ஊர் புயலை இன்று நேற்றா பார்க்கிறது? 1760-ஆம் ஆண்டின் கடைசி இரவு. ஆங்கிலேயர் புதுவையை நிலத்திலும் கடலிலும் முற்றுகையிட்டிருந்தனர். அன்றிரவு எழுந்து 1761 புத்தாண்டு நாளில் வீசிய பெரும் புயலில் ஆங்கிலேயரின் போர்க்கப்பல்கள் பல மூழ்கியும் கரையில் மோதியும் அழிந்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடற்படையினர் மாண்டனர். ஊருக்குள் பசியால் வாடிய பிரெஞ்சுக்காரர்களுக்கு இது விடுதலையாகத் தோன்றியிருக்க வேண்டும். ஆயினும் முற்றுகை தளரவில்லை. அதே மாதத்தில் புதுவை ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. அத்தனை பெரிய கடற்படைக்கும் அந்தப் புயல் வருவது முன்கூட்டித் தெரியாது. தெரிவிக்க ஒருவரும் இல்லை.

தெரிவிக்கும் கலை அதற்கு நூறு ஆண்டுகள் கழித்தே உருவாயிற்று. கல்கத்தாவில் வாழ்ந்த ஹென்றி பிடிங்டன் என்பவர் கப்பல் தலைவர்களின் குறிப்பேடுகளைத் தொகுத்து ஆராய்ந்து, சுழல்காற்றுக்குப் பாம்பின் சுருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'சைக்ளோன்' என்ற பெயரை 1848-இல் வழங்கினார். இங்கிலாந்தில் 1859-இல் 'ராயல் சார்ட்டர்' என்ற கப்பல் புயலில் உடைந்து நூற்றுக்கணக்கானோர் மடிந்தபின், ஃபிட்ஸ்ராய் என்ற கடற்படை அதிகாரி 1861 முதல் துறைமுகங்களில் கூம்புகளையும் உருளைகளையும் கம்பத்தில் ஏற்றி எச்சரிக்கை விடுக்கலானார். 1864-இல் கல்கத்தாவைப் பேரழிவுக்குள்ளாக்கிய புயலுக்குப் பின், அடுத்த ஆண்டிலேயே அத்துறைமுகத்திலும் புயல் எச்சரிக்கை முறை தொடங்கப்பட்டது. 1875-இல் இந்திய வானிலைத் துறை நிறுவப்பட்டது.

இந்த வரலாற்றில் நம் துறவியர்க்கும் பங்குண்டு என்பது பலருக்குத் தெரியாது. கல்கத்தா புனித சவேரியார் கல்லூரியில் அறிவியல் கற்பித்த இயேசு சபைக் குரு லஃபோன், நாள்தோறும் காற்றழுத்தமானியைப் பார்த்துக் குறித்து வந்தவர். 1867 நவம்பரில் அழுத்தம் இறங்குவதைக் கண்டு புயல் வருகிறதென அதிகாரிகளுக்கு முன்னறிவித்தார். கியூபாவின் ஹவானா நகரில் பெனிட்டோ வினியெஸ் என்ற இயேசு சபைக் குரு மேகங்களின் போக்கைக் கவனித்தே 1875 செப்டம்பரில் புயல் எச்சரிக்கையைச் செய்தித்தாள்களில் வெளியிட்டார். மணிலாவில் ஃபெதரிக்கோ ஃபௌரா அடிகளார் 1879-இல் அதையே செய்தார். இவர்களிடம் செயற்கைக்கோள் இல்லை. ஆனால் ஒருநாளும் விடாமல் அளவு குறிக்கும் பழக்கம் இருந்தது. அறிந்ததை உடனே பிறருக்குச் சொல்ல வேண்டும் என்ற எண்ணமும் இருந்தது.

இனிப் புயற்கூண்டுக்கு வருவோம். 'மூன்றாம் எண் கூண்டு ஏற்றப்பட்டது' என்று வானொலியில் கேட்டவுடன், எண் ஏற ஏற ஆபத்து ஏறுகிறது என்று பொதுவாக எண்ணிக்கொள்கிறோம். இது பாதி உண்மையே. கூண்டுகள் பதினொன்று. பகலில் உருளையும் கூம்புமாக, இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகளாக ஏற்றப்படும். 1, 2 ஆகியவை தொலைக் கடலில் உள்ள தாழ்வு மண்டலத்தையும் புயலையும் பற்றிக் கப்பல்களுக்குச் சொல்பவை. 3, 4 ஆகியவை துறைமுகத்தையே காற்று தாக்கக்கூடும் என்று சொல்பவை. 5, 6, 7 மூன்றும் ஒரே அளவு அபாயத்தைக் குறிப்பவை; வேறுபாடு திசையில்தான். துறைமுகம் தன் இடப்பக்கம் இருக்குமாறு புயல் கடந்தால் 5. வலப்பக்கம் இருக்குமாறு கடந்தால் 6. துறைமுகத்தின் மீதோ மிக அருகிலோ கடந்தால் 7. இவ்வாறே 8, 9, 10 மூன்றும் பேரபாயத்தைக் குறிப்பவை.

இடமும் வலமும் ஏன் இத்தனை முக்கியம்? ஒரு தாளில் கடற்கரையை வரைந்து, கிழக்கிலிருந்து வரும் புயலைச் சுழியாக இட்டுப் பாருங்கள். புயல் கடலூருக்கருகில் கரை ஏறினால் புதுவை அதற்கு வலப்பக்கம் அமையும். எதிர்க் கடிகாரச் சுழற்சியால் அப்போது காற்று கடலிலிருந்து நம்மை நோக்கி வீசும். கடல்நீரையும் தள்ளிக்கொண்டு வரும். புயல் மரக்காணம் பக்கம் ஏறினால் நாம் இடப்பக்கம்; காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். 2020 நவம்பர் 25 நள்ளிரவையொட்டி 'நிவர்' கரை கடந்தது மரக்காணத்தருகே. 2011 டிசம்பர் 30 காலை 'தானே' கடந்தது நமக்கும் கடலூருக்கும் இடையே.

பதினொன்றாம் எண்ணை மறந்துவிட்டேன் என்று எண்ண வேண்டாம். அது பத்தைவிடப் பெரிய புயலன்று. வானிலை எச்சரிக்கை மையத்துடன் தகவல் தொடர்பு அறுந்துவிட்டது, ஆயினும் ஆபத்து உண்டென உள்ளூர் அதிகாரி கருதுகிறார் என்பதே அதன் பொருள். செய்தி வராமையையே ஒரு செய்தியாக்கி வைத்த முன்னோரின் அறிவை என்னென்பது!

அண்மைக் காலத்தில் நாம் கண்ணாரக் கண்ட 'ஃபெஞ்சல்' புயலையே இனிப் பாடமாக எடுத்துக்கொள்வோம். இப்பெயரை வழங்கியது சவூதி அரேபியா. நம் பத்திரிகைகள் முதலில் 'ஃபெங்கல்' என்றும் பின்னர் 'ஃபெஞ்சல்' என்றும் எழுதின. பெயரிலேயே குழப்பம்; போக்கிலோ அதனினும் பெருங்குழப்பம். 2024 நவம்பர் 25-இல் தாழ்வு மண்டலமாகி, மறுநாள் ஆழ்ந்த தாழ்வு மண்டலமாகி, இலங்கையின் கிழக்குக் கரையை ஒட்டி மெல்ல நகர்ந்தது. 27-இல் புயலாகும் என எதிர்பார்க்கப்பட்டது, ஆகவில்லை. கரையை நெருங்கும்போது வலுவிழந்து ஆழ்ந்த தாழ்வு மண்டலமாகவே கடக்கும் என்று 28-இல் கூறப்பட்டது. 29 பிற்பகலில் அது புயலாகிவிட்டது. புதுவைக்கு அருகே மணிக்கு 70 முதல் 80 கிலோமீட்டர் வேகத்துடன் கடக்கும் என்று அறிவிப்பு மாறியது. 30-ஆம் தேதி பிற்பகல் கடக்கும் என்றார்கள், அன்றிரவு 10.30-க்கும் 11.30-க்கும் இடையே கடந்தது.

வானிலை மையத்தார்க்கு ஒன்றும் தெரியவில்லை என்று அந்த வாரத்தில் பலர் கேலி பேசினர். அது சரியன்று. மெல்ல நகரும் புயலை முன்னறிவது விரைந்து நகரும் புயலை முன்னறிவதைவிடக் கடினம். ஓடும் பம்பரம் எங்கே செல்லும் எனச் சொல்லிவிடலாம்; ஓரிடத்தில் தள்ளாடும் பம்பரம் எப்பக்கம் சாயும் என யாரால் சொல்ல முடியும்? புயலைத் தள்ளிச் செல்லும் மேல்வளிக் காற்று அப்போது வலுவற்றிருந்தது. இருந்தும் புயல் நம் கரையை நோக்கியே வருகிறது என்பதும், 30-ஆம் தேதிக்குப் புதுவைக்கும் அண்டை மாவட்டங்களுக்கும் சிவப்பு எச்சரிக்கை என்பதும் முன்னரே சொல்லப்பட்டிருந்தன. இடம் தவறவில்லை, எச்சரிக்கையும் தவறவில்லை.

பின் எது தவறிற்று? கரை கடந்த புயல் வழக்கம்போல் உள்நாட்டுக்குள் சென்று கரையாமல், புதுவைக்கருகிலேயே ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம் அசையாது நின்றுவிட்டது. டிசம்பர் 1 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் புதுவையில் பெய்த மழை சுமார் 48 சென்டிமீட்டர். மயிலத்தில் 51. புதுவையின் ஆண்டுச் சராசரி மழையே சுமார் 130 சென்டிமீட்டர்தான்; அதில் மூன்றிலொரு பங்குக்கும் மேல் ஒரே நாளில்! கணக்குப் போடுங்கள்: ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் 48 சென்டிமீட்டர் மழை என்றால் 48 கோடி லிட்டர் நீர். பத்தாயிரம் லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரியால் அளந்தால் 48,000 லாரிகள். உழவர்கரை நகராட்சியோ பல சதுர கிலோமீட்டர் கொண்டது. எந்த வாய்க்கால் அதைத் தாங்கும்? கிருஷ்ணா நகர்ப் பகுதியில் சில இடங்களில் ஐந்தடி வரை நீர் தேங்கியது; சென்னையிலிருந்து இராணுவத்தினர் வந்து படகுகளில் மக்களை மீட்டனர். திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு அது.

இப்போது முன்னர் கூறிய ஏணியை நினைவுகூருங்கள். தானே மிகத் தீவிரப் புயல். அதன் காற்று மணிக்கு 140 கிலோமீட்டர் வரை சென்றது. ஃபெஞ்சல் ஏணியின் கீழ்ப்படியில் நின்ற வெறும் 'புயல்'. அதன் வேகம் மிகுந்தது 90. காற்று ஒரு பொருளைத் தள்ளும் விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே தானேயின் தள்ளுதல் ஏறக்குறைய இரண்டரை மடங்கு. அதனால்தான் அன்று புதுவையின் மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்தன; பண்ருட்டிப் பக்கத்துப் பலாவும் முந்திரியும் வேரோடு வீழ்ந்தன. தானேயைக் கண்டவர்கள் 'இது சிறு புயல்தானே' என்று ஃபெஞ்சலை எடைபோட்டது இயல்பே. காற்றுக்கு அஞ்சினோம், நீர் வந்தது. வீட்டுக்குள்ளேயே இருங்கள் என்ற அறிவுரை காற்றுக்குப் பொருந்தும். தாழ்வான தெருவில் தரைத்தளத்தில் வாழ்பவருக்கு நீர் ஏறும் இரவில் அது பொருந்துமா?

நிற எச்சரிக்கையிலும் இத்தகைய இடர்ப்பாடு ஒன்றுண்டு. பச்சை என்றால் எச்சரிக்கை ஏதுமில்லை. மஞ்சள் என்றால் கவனித்திருங்கள். ஆரஞ்சு என்றால் ஆயத்தமாகுங்கள். சிவப்பு என்றால் செயலில் இறங்குங்கள். ஒரு நாளில் 6.5 முதல் 11.5 சென்டிமீட்டர் வரை கனமழை, 20.4 வரை மிகக் கனமழை. அதற்கு மேல் அதி கனமழை. 21 சென்டிமீட்டரும் அதி கனமழை, 48-உம் அதி கனமழை. இரண்டுக்கும் ஒரே சிவப்பு. முன்னது தெருவை நனைத்து மறுநாள் வடிந்துவிடலாம். பின்னது கட்டிலை மிதக்கவைக்கும். சிவப்புக்கு மேல் நிறமில்லை. ஆகவே நிறத்தோடு நின்றுவிடாமல், அறிவிப்பில் உள்ள சொற்களையும் அளவுகளையும் படிக்க வேண்டும்.

முன்னறிவிப்பு எவ்வாறு தயாராகிறது? கடலில் மிதக்கும் மிதவைகள், கப்பல்கள், இன்சாட் வகைச் செயற்கைக்கோள்கள், சென்னையிலும் காரைக்காலிலும் உள்ள ராடார்கள் ஆகியவை தரும் அளவுகளைக் கணிப்பொறியில் இட்டு, காற்றின் இயக்க விதிகளின்படி நாளைய நிலையைக் கணக்கிடுகிறார்கள். இன்றைய அளவில் ஒரு சிறு பிழை இருந்தாலும் நான்காம் நாள் விடை பெரிதும் மாறிவிடும். ஆகவே தொடக்க அளவுகளைச் சிறிது சிறிது மாற்றிப் பலமுறை கணக்கிடுவர். ஒரே கணக்கை வகுப்பிலுள்ள ஐம்பது மாணவியரும் தனித்தனியே போட்டதைப் போல என்று கொள்ளுங்கள். நாற்பது பேர் கடலூரை ஒட்டிய விடை தந்தால் நம்பிக்கை மிகும். நாகை முதல் நெல்லூர் வரை சிதறினால் 'இன்னும் தெரியாது' என்பதே நேர்மையான விடை. வரைபடத்தில் புயலின் பாதை விசிறிபோல் விரிந்து காட்டப்படுவது இதனால்தான். அந்த விசிறி புயலின் மையம் செல்லக்கூடிய இடத்தைக் காட்டுவது. மழை அதற்கு வெளியிலும் பெய்யும். நடுக்கோட்டை மட்டும் பார்த்து 'நமக்கில்லை' என்று கூறுவோர் நம்மிடையே மிகப் பலர்.

பத்துக்கு ஏழு வாய்ப்பு என்று சொல்லப்பட்டு மழை வராமற்போனால், சொன்னது பொய்யாகிவிடாது. மூன்று பங்கு வராமலிருக்கவும் வாய்ப்புண்டு என்று அதிலேயே அடங்கியிருக்கிறது. ஆனால் விடுமுறை விட்டு வெயில் அடித்தால் நாம் நகைக்கிறோம். நகைப்புக்கு அஞ்சி அதிகாரி அடுத்த முறை வாய்மூடி இருந்தால் இழப்பு யாருக்கு? திருமணப் பந்தல் போடுபவருக்குப் பத்தில் மூன்று வாய்ப்பென்றால் துணிந்துவிடலாம். கட்டுமரத்தில் செல்பவருக்குப் பத்தில் ஒன்றுகூடப் பெரிது.

மீனவரைப் பற்றிப் பேசும்போது 2017-ஐ மறக்கலாகாது. நவம்பர் 30-இல் குமரி முனைக்கருகே 'ஒக்கி' புயல் மிக விரைவாக உருவாயிற்று. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை முதலிய பங்குகளின் மீனவர்கள் பல நாட்களுக்கு முன்பே ஆழ்கடலுக்குச் சென்றிருந்தனர். கரையில் அறிவித்த எச்சரிக்கை அவர்கள் செவிக்கு எட்டவில்லை. அவர்களுடைய கருவிகளின் எல்லைக்கு அப்பால் இருந்தனர். தமிழகத்திலும் கேரளத்திலும் நூற்றுக்கணக்கானோர் திரும்பவில்லை. அதன் பின்னரே செயற்கைக்கோள் வழியாகப் படகுகளுக்குச் செய்தி அனுப்பும் கருவிகள் பரவலாயின.

ஃபெஞ்சலின் கதையும் புதுவையோடு முடியவில்லை. அதே மழை மேற்கே நகர்ந்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. திருவண்ணாமலையில் மலைச்சரிவில் ஏழு பேர் உயிரிழந்தனர். சாத்தனூர் அணையிலிருந்து டிசம்பர் 2 அதிகாலையில் பெருமளவு நீர் திறக்கப்பட, தென்பெண்ணைக் கரையூர்களும் நமது பாகூர்ப் பகுதியும் வெள்ளத்தில் மூழ்கின. நம் ஊரில் மழை குறைந்த பின்னர் வந்த வெள்ளம் அது. எச்சரிக்கை படிப்படியாக விடுக்கப்பட்டதாக அரசு கூறியது. உறங்கும் வேளையில் வந்ததால் அறியவில்லை என்று மக்கள் பலர் கூறினர். விடுத்த செய்தி வேறு, சேர்ந்த செய்தி வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

கைப்பேசிக்கு வரும் குறுஞ்செய்தி நல்லதே. ஆயின் கண் மங்கிய முதியவர் அதை எவ்வாறு படிப்பார்? மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைகளில் வேலை செய்யும் வெளிமாநிலத்தார்க்குத் தமிழ் தெரியுமா? மின்சாரம் நின்று கைப்பேசியும் அணைந்தபின் எஞ்சுவது மின்கல வானொலியும், ஒலிபெருக்கி வண்டியும், கோவில் மணியும், பக்கத்து வீட்டாரின் குரலுமே. 'அதி கனமழைக்கு வாய்ப்பு' என்பதைவிட, 'இன்றிரவு இந்தத் தெருவில் இடுப்பளவு நீர் வரலாம். எட்டு மணிக்குள் பள்ளிக் கட்டடத்துக்கு வாருங்கள்' என்பதே காய்கறி விற்கும் அம்மாளைக் கதவைத் திறந்து வெளியே வரச் செய்யும். கோரிமேட்டின் செம்மண் மேட்டிலிருந்து நீர் எப்பக்கம் இறங்குகிறது, எந்தத் தெரு முதலில் மூழ்குகிறது என்பது சென்னை வானிலை மையத்துக்குத் தெரியாது. அங்கே வாழும் உங்களுக்குத் தெரியும்.

ஆகவே இப்பருவத்தில் ஒவ்வொரு மாணவியும் வீட்டில் ஒரு மழைமானி வைக்கலாம். பக்கங்கள் நேராக உள்ள, அடி தட்டையான கண்ணாடிப் பாத்திரம் போதும். வாய் அகன்று அடி குறுகியது உதவாது. மரத்தடியிலும் கூரையோரத்திலும் வைக்கலாகாது. திறந்த வெளியில் அசையாமல் பதிக்க வேண்டும். தினமும் காலை 8.30 மணிக்கு, வானிலை மையங்கள் அளக்கும் அதே நேரத்தில், அளவுகோலால் நீரின் உயரத்தை அளந்து, தேதியிட்டு எழுதி, நீரைக் கொட்டிவிட வேண்டும். தெருவில் நீர் நின்றால் கணுக்காலா, முழங்காலா என்பதையும் எந்த நேரத்தில் வடிந்தது என்பதையும் பக்கத்திலேயே குறியுங்கள். மழை பெய்யாத நாளன்றும் '0' என எழுதுங்கள். வெற்றிடம் விட்டால், அன்று மழை இல்லையா, அளக்க மறந்தீர்களா என்பது அடுத்த ஆண்டு உங்களுக்கே தெரியாமற் போகும்.